வான் சிறப்பு

கடவுளை வாழ்த்திய கையோடு, இரண்டாம் அதிகாரத்துக்கு 'வான் சிறப்பு' என்று தலைப்பிட்டார் திருவள்ளுவர். அவர் நினைத்தது மழையை. கொழும்பில் வாடகை வீட்டில் குடியிருக்கும் தமிழருக்கோ அந்தத் தலைப்பு இன்னொரு பொருளையும் தரும். கடவுளுக்கு அடுத்தபடியாக அவர்கள் நம்பியிருப்பது வானைத்தான். நான்கு சில்லுகள் பூட்டிய, பின் ஆசனங்கள் கழற்றப்பட்ட, கதவை இரண்டு தடவை ஓங்கிச் சாத்த வேண்டிய வானை. இரண்டு வான்களும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டால் என்ன நடக்கும் என்பதை, நனைந்த மெத்தையுடன் காலி வீதியில் நின்றவர்கள் நன்கு அறிவார்கள்.

கடல் கடந்து வாழும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். டொயோட்டா ஹையேஸ் என்ற வாகனத்தின் ஒரு தலைமுறையை இலங்கையில் எல்லோரும் 'டொல்பின்' என்றே அழைப்பார்கள். அதன் மூக்கைப் பார்த்து யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அதற்குப் பின்னர் வந்த சின்னஞ்சிறு லொறிக்கு 'பட்டா' என்று பெயர். வீடு மாறுவதென்றால் இவை இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய டொல்பின்களின் விலை ஏறியதே தவிர இறங்கவில்லை. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது அவற்றின் சொந்தக்காரர்கள் நிரப்பு நிலைய வரிசைகளில் இரவு பகலாகத் தவம் கிடந்ததும், பின்னர் கியூஆர் குறியீட்டைக் காட்டி அளந்து ஊற்றிய டீசலில் தொழில் நடத்தியதும் இத்தொழிலின் வரலாற்றில் எழுதப்பட வேண்டிய அத்தியாயங்கள்.

கொழும்புத் தமிழர் ஏன் இத்தனை தடவை வீடு மாறுகிறார்கள் என்று கேட்கலாம். வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்கு, மிஞ்சினால் இரண்டாண்டுக்கு. ஆறு மாத வாடகையோ ஓராண்டு வாடகையோ முற்பணமாகக் கேட்கப்படும். அந்தப் பணத்தைச் சேர்த்துக் கொடுத்து, திரைச்சீலை தைத்து, பக்கத்து வீட்டாரின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகும் நேரத்தில், லண்டனில் உள்ள மகன் வரப்போகிறான் என்று வீட்டுக்காரர் சொல்லுவார். மகன் வருவதில்லை, கூடுதல் வாடகையுடன் வேறொரு குடும்பம் வரும். நாம் மறுபடியும் வானைத் தேடுவோம்.

இந்த இடப்பெயர்வுக்கு ஒரு திசையும் உண்டு. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையில், புனித லூசியாள் பேராலயத்தின் மணியோசை கேட்கும் ஒழுங்கையில் வாழ்ந்த குடும்பம், பிள்ளைகள் தலையெடுத்ததும் வெள்ளவத்தைக்குப் போக ஆசைப்படும். கொழும்பு 13 என்ற முகவரி கொழும்பு 6 ஆக மாறுவது கல்யாணப் பேச்சிலே ஒரு தனிச் சீதனம். ஆனால், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் தோட்டத்துடன் கூடிய வீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழும்ப எழும்ப, அங்கே வாடகையும் மாடிக்கு மாடி ஏறியது. ஓய்வூதியக்காரரும் புதிதாகக் கல்யாணம் முடித்தவர்களும் கால்வாயைத் தாண்டித் தெஹிவளைக்கு நகர்ந்தார்கள். அங்கிருந்து உட்புறமாகக் களுபோவிலக்கு வந்தார்கள். களுபோவில தெஹிவளை - கல்கிசை மாநகரசபைக்கு உட்பட்டது. அதற்குக் கொழும்பு இலக்கம் கிடையாது. கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை அங்கேதான் இருக்கிறது என்று சொல்லி முதியவர்கள் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். அப்படியும் கல்யாண அழைப்பிதழில் சிலர் கொழும்பு என்றே அச்சிடுவார்கள். அதில் பிழை காண எனக்கு மனம் வருவதில்லை.

இந்தத் திசையில் குடும்பங்களை ஏற்றி இறக்கிய வான்காரர் ஒருவரை நெடுங்காலமாக அறிவேன். அவர் பெயர் இங்கே தேவையில்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். யாழ்ப்பாணத்தாருடன் ஒரு தமிழும், முஸ்லிம் வீட்டுத் தரகருடன் இன்னொரு தமிழும், வாயிற்காவலாளியுடன் சுத்தமான சிங்களமும் பேசுவார். தொலைபேசியில் அழைத்தால் முதலில் கேட்பது எத்தனையாம் மாடி என்பதை. இரண்டாவது, மின்தூக்கி இருக்கிறதா என்பதை. மூன்றாவது கேள்விதான் அவருடைய அனுபவத்தின் சாரம்: “ஐயா, அலுமாரி வீட்டுக்குள்ள வச்சுச் செஞ்சதா, வெளிய செஞ்சு கொண்டு வந்ததா?” வீட்டுக்குள்ளே தச்சரை இருத்திச் செய்வித்த அலுமாரி அந்த வீட்டின் கதவால் வெளியே வராது என்பதை எத்தனையோ குடும்பத் தலைவர்கள் வான் வந்து நின்ற பின்னரே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடலாம் என்பது அவருடைய நிரந்தர வாக்குறுதி. நான் அறிந்தவரையில் நான்கு ஓட்டத்துக்குக் குறைந்து எந்த வீடும் மாறியதில்லை. அதற்கு அவர் தரும் விளக்கத்தை மறுக்கவும் முடியாது. தொலைபேசியில் சாமான் விபரம் சொல்லும்போது எல்லோரும் கட்டில், மேசை, கதிரை, குளிர்சாதனப் பெட்டி என்று எண்ணிக்கையோடு சொல்லிவிட்டு, “பிறகு சில்லறைச் சாமான் கொஞ்சம்” என்று முடிப்பார்களாம். அந்தச் 'சில்லறை'தான் மற்ற மூன்று ஓட்டம் என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று வெள்ளவத்தையிலிருந்து களுபோவிலக்குக் குடிபெயர்ந்தது. மூன்று கிலோமீற்றர் அளவிலான பயணம். பஞ்சாங்கம் பார்த்து, காலை ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் பால் காய்ச்ச வேண்டும் என்று ஏற்பாடு. வீட்டிலே எண்பது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர் இருந்தார். சாமிப்படம், குத்துவிளக்கு, பால் பானை, அரிசி, உப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் முதலில் ஏற்ற வேண்டும் என்பது அவருடைய கட்டளை. வான்காரரும் பயபக்தியுடன் அப்படியே செய்தார். அதன் பின்னர் அலுமாரி, கட்டில், தையல் இயந்திரம், அதன் மேல் மெத்தைகள் என்று வான் நிரம்பியது. ஒன்பதே முக்காலுக்குக் களுபோவில வீட்டு வாசலில் வண்டி நின்றது. அங்கே நடந்த உரையாடல் இது.

“தம்பி, சாமிப்படமும் பால் பானையும் எங்கை?”

“உள்ளுக்குத்தான் இருக்கு ஆச்சி. ஆக அடியில.”

“முதல் ஏத்தச் சொன்னனான் எல்லே!”

“முதல்லதான் ஏத்தினேன். முதல்ல ஏத்தினது கடைசியாத்தானே ஆச்சி இறங்கும்?”

நியாயத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால், சுபநேரத்துக்குப் பதினைந்து நிமிடங்களே இருந்தன. அலுமாரியை இறக்க ஆறு பேர் வேண்டும். இருந்தவர்கள் மூன்று பேர். மெத்தையின் மேலால் ஊர்ந்து போய்ப் பானையை எடுக்க முயன்ற பேரன் தையல் இயந்திரத்துக்கும் அலுமாரிக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டான். இப்போது பானையை விட்டுப் பேரனை மீட்க வேண்டிய நிலை. இந்தக் கூச்சலைக் கேட்டு எதிர்வீட்டுச் சிங்களப் பெண்மணி வெளியே வந்தார். வான்காரர் சிங்களத்தில் இரண்டே வசனங்களில் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மையார் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், புத்தம் புதிய மண்சட்டி ஒன்றையும் பால் பக்கற்றையும் கொண்டு வந்தார். புதுவீட்டில் பால் பொங்க வைப்பது அவர்களுக்கும் உள்ள வழக்கம்தானே. பத்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கையில் பால் பொங்கியது. சாமிப்படம் பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தது.

சாமான் ஏற்றுபவர்களைப் பார்த்து உலகம் முழுவதும் சிரித்திருக்கிறது. லோரலும் ஹார்டியும் ஒரு பியானோவை நீண்ட படிவரிசை ஒன்றில் ஏற்றப் படும் பாடுதான் 1932ஆம் ஆண்டில் வந்த 'த மியூசிக் பொக்ஸ்' குறும்படம். அதற்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது. 2001ஆம் ஆண்டில் வந்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்திலே ஜமீன் வீட்டுப் பழைய கடிகாரம் ஒன்று ஒப்பந்தக்காரர் நேசமணியின் ஆட்களிடம் என்ன கதிக்கு உள்ளானது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2019 மே மாதத்தில், நேசமணிக்காக உலகத் தமிழர்கள் எல்லோரும் இணையத்தில் பிரார்த்தனை செய்தார்கள். களுபோவில வாசலில் நின்ற காட்சியோ எனக்கு நமது 'கோமாளிகளின் கும்மாளத்தை' நினைவூட்டியது. இலங்கை வானொலியில் மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன், அப்துல் ஹமீட் ஆகியோர் முஸ்லிம்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணத் தமிழ் என்று ஆளுக்கொரு தமிழில் பேசி வீடுகளைச் சிரிக்க வைத்த நாடகம் அது. 1976இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. அந்த நால்வரையும் ஒரு வானில் ஏற்றினால் கொழும்பில் ஒரு வீடு மாறும் கதை தானாகவே எழுதப்பட்டுவிடும்.

ஆனால், இந்த வான்காரர் ஏற்றிய எல்லா ஓட்டங்களும் சிரிப்புக்குரியவை அல்ல. போர்க்காலத்தில் சாமான் ஏற்றிய வாகனத்துடன் சோதனைச் சாவடியைக் கடப்பது ஒரு கலை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுப் பத்திரம், கிராம சேவகரின் கடிதம், பழைய வீட்டுக்காரரின் கடிதம், புதிய வீட்டுக்காரரின் கடிதம் எல்லாம் முன் ஆசனத்தில் தயாராக இருக்க வேண்டும். ஒருமுறை சாக்கில் சுற்றிய நீளமான பாரமான பொருள் ஒன்றைக் கண்டு இளம் சிப்பாய் ஒருவர் துப்பாக்கியை நிமிர்த்திவிட்டாராம். அது அம்மியும் குழவியும். இவர் பதறாமல் “மிரிஸ் கல” என்று சிங்களத்தில் சொல்லிச் சாக்கை அவிழ்த்துக் காட்டினார். தன் தாயாரின் குசினியிலும் அதே கல் இருப்பதை நினைத்தோ என்னவோ, சிப்பாய் சிரித்துவிட்டுக் கையை அசைத்தார். இதைச் சொல்லும்போது வான்காரரும் சிரிப்பார். அந்த நேரத்தில் பின்னால் இருந்த குடும்பம் சிரித்ததா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றினார்கள். மொத்தம் 376 பேர். வைத்தியத்துக்காக வந்தவர்களும் வெளிநாடு போகக் காத்திருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். பெரும்பாலானோர் வவுனியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் மறுநாளே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த சில நாட்களில் அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அந்த 376 பேருக்கும் சாமான் ஏற்ற வான் பிடிக்க நேரம் கொடுக்கப்படவில்லை. கையில் அகப்பட்டதுதான் அவர்களுடைய உடைமை.

எமது இடப்பெயர்வுகளில் இதுவே வழமை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்தபோது, மதிலேறிக் குதித்தவர்கள் எதை எடுத்துச் சென்றார்கள்? 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம்; கையில் கொண்டுபோக விட்டது அற்ப சொற்பம். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டின் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் கால்நடையாகவும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்கள். இந்த நாட்டில் தமிழ் பேசும் மக்கள் ஒவ்வொருவருடைய குடும்பத்திலும், 'எதை எடுப்பது, எதை விடுவது' என்று சில நிமிடங்களில் முடிவு செய்த ஒருவர் இருக்கிறார். அவர் எடுத்த முடிவுதான் அந்தக் குடும்பத்தின் மிஞ்சிய வரலாறு.

அப்படி எடுத்து வந்தவை என்ன என்று கேட்டுப் பாருங்கள். நகை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ் இவற்றோடு ஒரு படத் தொகுப்பு, அப்பாவின் நாட்குறிப்பு, தாத்தா வாசித்த புராணம், எப்போதோ நடந்த கோவில் கும்பாபிஷேக மலர். உயிருக்கு ஓடும்போதும் மனிதர்கள் கடதாசியைச் சுமந்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொன்னதும் வான்காரர்தான். இப்போதெல்லாம் வீடு மாறும் நாளில், எல்லாச் சாமானும் ஏற்றிய பின்னர், இரண்டு மூன்று அட்டைப் பெட்டிகளைக் காட்டி, “இதை மட்டும் போகும் வழியில் பழைய பேப்பர் கடையில் இறக்கிவிடுங்கள்” என்று சொல்கிறார்களாம். உள்ளே இருப்பவை புத்தகங்கள், சஞ்சிகைகள், கடிதக் கட்டுகள், பாடசாலை மலர்கள். “ஐயா, வீட்டுச் சாமான்ல ஆகப் பாரம் புத்தகம்தான். அதால எனக்கு லாபம்தான். ஆனா, கிலோக் கணக்குல நிறுக்கிறப்போ பார்க்க ஏலாம இருக்கு” என்றார். தமிழ் எழுத்தைத் தட்டுத் தடுமாறி வாசிக்கும் மனிதர் அவர்.

துரத்தப்பட்டபோது நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்ததை, எவரும் துரத்தாதபோது, சுபநேரம் பார்த்து நாமாகவே கொண்டுபோய்க் கொட்டுகிறோம். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவிலான நூல்கள் சாம்பலாகின. அதை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், நினைவுகூரத்தான் வேண்டும். அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகையின் பணிமனையும் தீயிடப்பட்டது. அந்தப் பத்திரிகையின் பழைய இதழ் ஒன்று இன்று யாருடைய கட்டிலுக்கு அடியில் கிடக்கிறதோ, அந்த வீடும் ஒரு நூலகம்தான். அரை நூற்றாண்டு காலம் பத்திரிகைத் தாளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாங்கள் அன்றாடம் எழுதித் தள்ளியவற்றை எங்களைவிடப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் வாசகர்களே. பாண் சுற்றுவதற்கு எடுக்காமல் ஓரமாக மடித்து வைத்த யாரோ ஓர் ஆசிரியர், யாரோ ஓர் இலிகிதர்.

மறுதரப்பு நியாயங்களும் எனக்குத் தெரியாதவை அல்ல. தொடர்மாடியில் இரண்டு அறை. அதில் ஒன்றில் படுக்கையில் விழுந்த தாயார். பிள்ளைகள் ரொரன்ரோவிலும் மெல்பேர்னிலும். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. விமானத்தில் அனுமதிப்பது ஆளுக்கு 23 கிலோவோ 30 கிலோவோ. அதற்குள் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் போக வேண்டும். பூச்சி அரித்த புத்தகத்தால் இருமல் வருகிறது. இவற்றில் ஒன்றையும் பொய்யென்று சொல்ல முடியாது. ஆகவே, எல்லாவற்றையும் காலமெல்லாம் கட்டி வைத்திருங்கள் என்று நான் கேட்கவில்லை. எறிவதற்கும் ஒப்படைப்பதற்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைத்தான் கேட்கிறேன்.

ஒப்படைக்க இடங்கள் இருக்கின்றன. வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது; 1942ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்துக்கு ஒரு நூலகம் உண்டு. 2005ஆம் ஆண்டில் சில இளைஞர்கள் தன்னார்வமாகத் தொடங்கிய நூலகம் இணையத்தளம், இன்று ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் என்று பல்லாயிரம் ஆவணங்களை மின்வடிவில் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. ரொரன்ரோவில் இருக்கும் பேத்தி என்றோ ஒருநாள் தன் கொள்ளுப்பாட்டனாரின் பெயரைத் தேடினால், எமது அட்டைப் பெட்டியில் கிடந்த பாடசாலை மலர் அதிலே அகப்படும். பழைய பேப்பர் கடையில் அகப்படாது.

வேலையும் பெரிதல்ல. வான் வருவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் போதும். புகைப்படங்களின் பின்புறத்தில் யார் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதுங்கள்; அதைச் சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே எழுதுங்கள். கடிதங்களைப் படித்துப் பார்த்துக் குடும்பத்துக்குள் இருக்க வேண்டியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட எதையும், நான்கு பக்கத் துண்டுப்பிரசுரமாக இருந்தாலும், தனிப்பெட்டியில் போட்டு, கொடுக்க வேண்டிய இடத்தின் பெயரை மேலே பெரிதாக எழுதுங்கள். அந்தப் பெட்டியை இறக்குவதற்குத் தனியாகக் கூலி கேட்கமாட்டேன் என்று வான்காரர் என்னிடம் வாக்குத் தந்திருக்கிறார். ஒரே ஓட்டத்தில் முடிப்பேன் என்ற வாக்கைப் போலல்லாமல், இதை அவர் காப்பாற்றுவார் என்றே நம்புகிறேன்.

இன்று கைத்தொலைபேசியில் விரலால் தொட்டால் லொறி வாசலுக்கு வருகிறது. சோதனைச் சாவடி இல்லை. அம்மிக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று ஆறுதலாக இருந்து முடிவு செய்ய எமக்கு நேரம் கிடைத்திருக்கிறது. எமது முன்னோருக்குக் கிடைக்காத நேரம் அது. அடுத்த தடவை வீடு மாறும்போது கடதாசிப் பெட்டிகளை முதலில் ஏற்றுங்கள். கடைசியாக இறங்கினாலும் பாதகமில்லை.